ஐந்தாவது ஃபவுல்

11 ஜூன் 1979, திங்கள்

ஆட்டக்களத்துக் கோடுகளுக்குப் புது பெயிண்ட் கேட்டிருந்தேன். ஸ்டோர்ஸில் வெள்ளை தீர்ந்துவிட்டதாம், மஞ்சள் கொடுத்தார்கள். மஞ்சள் கோட்டுக்குள் நின்று எறிந்தால் பந்து வளையத்தில் விழ மாட்டேன் என்றா சொல்லும்? அடித்தாயிற்று. வலது முழங்கால் மழை வரும் என்கிறது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை.

செப்டம்பரில் ஆலைகளுக்கிடையேயான கூடைப்பந்துப் போட்டி. கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுப்பதே இதற்காகத்தான். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'ஸ்டோர்ஸ் கிளார்க்' என்று இருக்கிறது. இந்த ஒன்றரை வருடத்தில் ஸ்டோர்ஸில் நான் ஓர் ஆணியைக் கூட எடுத்துக் கொடுத்ததில்லை. அணியில் பத்துப் பேர். எட்டுப் பேர் நிரந்தரம். லூர்துராஜும் தாண்டவராயனும் மட்டும் கேஷுவல். விளையாட்டுக்காரருக்கு இந்த வருடம் ஒரே ஒரு நிரந்தர இடம்தான் என்று பர்சனல் மேனேஜர் நரசிம்மன் கறாராகச் சொல்லிவிட்டார். இறுதி ஆட்டத்தைத் தாமே வந்து பார்த்து, இருவரில் ஒருவரை எடுப்பாராம். மற்றவன் கணக்கை முடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். இருவருக்கும் இது தெரியும். ஒரே டிபன் பாக்ஸில்தான் இன்னும் சாப்பிடுகிறார்கள்.

மெயின் கேட்டில் புதிய வாட்ச்மேன். காண்ட்ராக்ட் ஆள். நல்ல உயரம், நரைத்த மீசை. சல்யூட் வைத்தார், தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன். இருபது அடி நடந்த பிறகுதான் நின்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு நீளமான கையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

12 ஜூன்

அவர்தான். நாகப்பன்.

17 ஜூன், ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போய் வந்தேன். வீட்டுக்காரி சகாயமேரி மீன் வாங்கப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். பதினேழு வருடமாகச் சாமியாரிடம் எத்தனையோ பாவத்தைச் சொல்லியிருக்கிறேன். சினிமாவுக்குப் போனது முதல் அம்மாவை எதிர்த்துப் பேசியது வரை. இதை மட்டும் சொன்னதில்லை. காகிதத்திடமாவது சொல்கிறேன்.

1962. மதராஸில் மாநிலத் தேர்வு ஆட்டம். எங்கள் கிளப்பிலிருந்து ஒருவரைத்தான் எடுப்பார்கள் என்று பேச்சு. நானா, நாகப்பனா. நான் கூடை போடுகிறவன், அவன் தடுக்கிறவன். தடுப்பதில் அவனை மிஞ்ச அந்த நாளில் ஆள் கிடையாது. பிள்ளைப்பாக்கத்து வயலில் மண்வெட்டி பிடித்து அண்டை கழித்து வரப்பு வெட்டிய கை. எதிரி பந்தைத் தூக்கும்போது அந்தக் கை முன்கூட்டியே அங்கே இருக்கும்.

கடைசி ஐந்து நிமிடம். இருவருக்கும் நான்கு நான்கு ஃபவுல். ஐந்தாவது விழுந்தவன் வெளியே போய் உட்கார வேண்டும். போர்டுக்குக் கீழே ஒரே கூட்டம். எதிரணிக்காரன் எம்பினான், நான் அவன் மணிக்கட்டில் அடித்தேன். சந்தேகமே இல்லை, என் விரல் எரிந்தது. விசில். ரெஃப்ரிக்கு நம்பர் தெரியவில்லை. ஃபவுல் செய்தவன் தானே ஸ்கோரர் மேஜையைப் பார்த்துக் கையைத் தூக்க வேண்டும், அதுதான் விதி, அதுதான் மரியாதை. ரெஃப்ரி காத்திருந்தார். நான் இரண்டு மூச்சு விட்டேன். கை எழவில்லை. கனத்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். கனக்கவில்லை. நான் தூக்கவில்லை, அவ்வளவுதான்.

நாகப்பன் கையைத் தூக்கினான்.

அவன் வெளியே போனான். நான் எட்டுப் புள்ளி எடுத்தேன். ஐந்து ஃபவுல் போட்டு வெளியே போகிறவனை எப்படி நம்புவது என்று தேர்வுக்குழுவில் ஒருவர் சொன்னாராம். மாநில அணி, பிறகு மணிலாப் பயணம், பெரிய கம்பெனி வேலை, கல்யாணம், இந்தக் கோச் உத்தியோகம் – எல்லாம் அந்த இரண்டு மூச்சுக்குப் பின்னால் வந்தவை. நாகப்பன் அதன் பிறகு கிளப்புக்கு வரவில்லை. நானும் தேடவில்லை.

ஏன் தூக்கினான்? தன் கைதான் பட்டது என்று நினைத்திருப்பான், அந்த நெரிசலில் யாருக்குத் தெரியும் – இப்படித்தான் எனக்கு நானே சொல்லிச் சொல்லி வந்திருக்கிறேன். தெரியாமல் தூக்கினான் என்றால் நான் திருடன். தெரிந்தே தூக்கினான் என்றால் நான் யார்?

மீன் வந்துவிட்டது.

25 ஜூன்

ஒரு வாரமாகப் பின்பக்க லாரி கேட் வழியாகப் போகிறேன். நிலக்கரிக் குவியலைச் சுற்றிக்கொண்டு கால் மைல் அதிகம். "செருப்பெல்லாம் இன்னாத்துக்கு இப்டி கரியாக் கீது? ஃபர்னஸுல வேல குடுத்துட்டாங்களா?" என்கிறாள் மேரி. முழங்காலுக்கு நடை நல்லது, டாக்டர் சொன்னார் என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சைவிட முழங்கால்தான் வலிக்கிறது.

3 ஜூலை, செவ்வாய்

மணிலாவிலிருந்து ரமோன் கடிதம். வருடத்துக்கு ஒன்று தவறாமல் வந்துவிடுகிறது.

அந்தப் பயணத்தில் என்னைத் தடுத்து ஆடியவன். அப்போதே அவனுக்குத் தெருவெல்லாம் ரசிகர்கள். அந்த ஊரில் தென்னை மரத்துக்கு மரம் வளையம் அடித்து வைத்திருப்பார்கள், மீன் விற்கிறவள் கூடப் புள்ளிக் கணக்குச் சொல்வாள். பிறகு பன்னிரண்டு வருடம் சம்பளத்துக்கு ஆடினான். இரண்டு முழங்காலும் போய், இப்போது ஒரு நூல் மில் அணிக்குக் கோச். இரண்டு பேருக்கும் கடைசியில் மில்லும் ஃபாக்டரியும்தான் சோறு போடுகின்றன என்று எழுதியிருக்கிறான்.

இன்னொன்றும் எழுதியிருக்கிறான், அதுதான் என்னைக் கொல்கிறது. மணிலாவில் நான் ரெஃப்ரி விசிலை வாயில் வைப்பதற்கு முன்பே கையைத் தூக்குவேன். தொட்டாலும் தூக்குவேன், தொடாவிட்டாலும் சந்தேகத்துக்குத் தூக்குவேன். மதராஸ் முடிந்து மூன்று மாதம் கூட ஆகவில்லை, தூக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே ஒரு பத்திரிகை 'கை தூக்கும் இந்தியர்' என்று படம் போட்டது, மதராஸ் பேப்பரும் அதை எடுத்துப் போட்டது. ரமோன் இன்றும் தன் ஆட்டக்காரர்களுக்கு என் கதையைச் சொல்கிறானாம். ஜெயிப்பது எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன், நேர்மை எப்படி என்று அருள்நாதனிடம் கேளுங்கள் என்று.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள ரமோன், இங்கே நல்ல மழை.' அதற்கு மேல் வரவில்லை. மழையும் பொய்.

16 ஜூலை, திங்கள்

வாட்ச்மேன்களுக்கு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள். லாரி கேட்டில் நாகப்பன். ஊருக்குப் பயந்து ஓடியவன் காட்டில் புலியைப் பார்த்த கதைதான்.

சல்யூட் வைத்தார். "மூட்டு வலியா சார்? பாத்து நடங்க, கரியில சறுக்கும்."

நீ என்னைத் தெரிந்துகொண்டாயா என்று கேட்க வாயைத் திறந்தேன். அவரே சொன்னார்: "சார் மணிலா போனத பேப்பர்ல பாத்தேன் அப்போ. படம் போட்டிருந்தான். எங்க வூட்ல ரொம்ப நாள் வெச்சினு இருந்தேன்."

கேலியா? முகத்தில் ஒன்றும் இல்லை. உண்மையாகவே வைத்திருந்தாரா? படத்தில் நான் கை தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அதை வீட்டில் வைத்துக்கொண்டு பதினேழு வருடம் – இல்லை, ரொம்ப நாள் என்றுதான் சொன்னார். எவ்வளவு நாள்? நான் ஏன் இதைப் போட்டு நோண்டுகிறேன்?

5 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று லூர்துராஜ் அசத்திவிட்டான். இருபது எறிந்து பதினாறு உள்ளே. ஆனால் தடுக்கத் தெரியாது, கையை வீசுவான், ஃபவுல் வாங்குவான். தாண்டவராயன் நேர் எதிர். எறிந்தால் போர்டு உடையாமல் இருந்தால் சரி. ஆனால் எதிரியின் இடுப்பைப் பார்த்தே எந்தப் பக்கம் திரும்புவான் என்று சொல்லிவிடுவான். இருபத்தாறு வயது, இரண்டு குழந்தைகள். பெண்டாட்டி சாரதா படப்பைச் சந்தையில் கீரை விற்கிறாள்.

பயிற்சி முடிந்து தாண்டவராயன் கேட்டான்: "சார், கூட போடறவன்தான் கண்ணுக்குத் தெரிவான். நான் போடவுடாம பண்றவன். மேனேஜருக்கு அது தெரியுமா சார்?"

நான் எடுத்துச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

30 ஆகஸ்ட்

நாகப்பனிடம் கேட்டுவிடுவது என்று கேட் வரை போனேன். அவருக்கு இன்று வார விடுமுறையாம். எனக்கு ஏன் அவ்வளவு நிம்மதி?

22 செப்டம்பர், சனி

61–60. ஜெயித்தோம். கப் வந்தது. என்னைத் தோளில் தூக்கினார்கள். எழுத முடியவில்லை.

23 செப்டம்பர், ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன். மேரி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகக் கோயிலுக்குப் போனாள்.

மூன்று நிமிடம் இருந்தது. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். லூர்துராஜுக்கு நான்கு ஃபவுல், தாண்டவராயனுக்கு நான்கு. எதிரணிக்காரன் வளையத்துக்குக் கீழே எம்பினான், நம் ஆட்கள் மூன்று பேர் சூழ்ந்தார்கள். லூர்துராஜ் அடித்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன், சத்தமே கேட்டது. விசில். ரெஃப்ரி சுற்றிப் பார்த்தார், கைக்காகக் காத்திருந்தார்.

லூர்துராஜ் தூக்கவில்லை. என்னைப் பார்த்தான்.

எத்தனை முறை கத்தியிருப்பேன் இவர்களிடம் – தோற்றாலும் கையைத் தூக்குடா என்று. அப்போது கத்தவில்லை. லூர்துராஜ் போனால் கூடை போட ஆள் இல்லை. நான் தாண்டவராயனைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான். தலையை அசைத்தேனா? இல்லை. இல்லவே இல்லை. அசைத்திருக்கலாம்.

தாண்டவராயன் கையைத் தூக்கினான்.

வெளியே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். துண்டைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டான், துடைக்கவில்லை. லூர்துராஜ் கடைசி நொடியில் கூடை போட்டான். நரசிம்மன் எழுந்து நின்று கை தட்டினார்.

24 செப்டம்பர், திங்கள்

லாரி கேட். நாகப்பன். சல்யூட் இல்லை.

"அருளு," என்றார். பதினேழு வருடத்துக்குப் பிறகு அந்தப் பேர்.

"சனிக்கெழம மேட்ச் பாத்தேன். ட்யூட்டி முட்சிட்டு வந்து ஓரமா நின்னுனு இருந்தேன். அந்தப் புள்ளைய ஒரு பார்வ பாத்த பாரு. அன்னைக்கு என்னையும் கேப்டன் அப்டியேதான் பாத்தாரு."

கேப்டனா? வரதராஜுலுவா?

"பின்ன? எனக்குப் படல, என் கையி அந்தாண்ட இருந்துது. கேப்டன் பாத்தாரு, நான் தூக்கினேன். அடுத்த வருசம் உன்ன எடுத்துடுவாங்கடான்னாரு. நீ அவர் காதாண்ட போயி இன்னாவோ சொன்ன. அதுக்கப்புறம்தானே அவர் என்னப் பாத்தாரு?"

நான் அவர் காதருகே போகவே இல்லை என்றேன்.

"போனப்பா," என்றார். கோபமே இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னார். "நீ கேட்டுக்கினேன்னுதான் நெனச்சேன். கேட்டா குடுக்க மாட்டனா? ஆனா நீ அப்பால ஒரு தபா கூட வூட்டாண்ட வரல. அதான்."

லாரி வந்தது, கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

நான் என்ன சொன்னேன்? காலையிலிருந்து யோசிக்கிறேன். விரல் எரிந்தது நினைவிருக்கிறது. இரண்டு மூச்சு நினைவிருக்கிறது. எதிரணிக்காரன் பனியனில் கிழிசல் இருந்தது கூட நினைவிருக்கிறது. கேப்டன் எங்கே நின்றார் என்பது மட்டும் இல்லை. அவரைக் கேட்கலாம் என்றால் அவர் செத்து மூன்று வருடம் ஆகிறது. சொன்னேனா? அடப்பாவி, சொன்னியாடா நீ?

26 செப்டம்பர், புதன்

நரசிம்மனிடம் போனேன். அந்த ஃபவுல் லூர்துராஜுடையது, தாண்டவராயனுடையது அல்ல என்றேன். நன்றாகத் தடுத்தவன் அவன்தான், அந்த இடம் அவனுக்குச் சேர வேண்டும் என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். கெட்ட மனுஷன் இல்லை, அதுதான் கஷ்டம்.

"ஃபைனல்ல வெளிய போனவனை எடுத்தா மேல கேள்வி வரும் மிஸ்டர் அருள்நாதன். நீங்க சொல்றது நிஜம்னா எழுத்துல குடுங்க. லூர்துராஜ் ஆர்டர் அஞ்சாம் தேதிதான் கையெழுத்துக்குப் போகுது, நிறுத்திடறேன். தாண்டவராயன் பேரை எழுதிடறேன். கப்பைத் திருப்பி அனுப்பிடலாம். ஆனா பொய் சொல்லி ஜெயிச்ச கோச்சை ஸ்டோர்ஸ் கிளார்க்கா எதுக்கு வெச்சிருக்கோம்னு கேப்பாங்களே, அதுக்கு என்ன பதில் சொல்றது?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த நொடியே தெரிந்துவிட்டது, யோசிக்கிற ஆள் எழுதிக் கொடுக்க மாட்டான் என்று. ஆனாலும் எழுதுவேன்.

29 செப்டம்பர்

எழுதினேன். நான்கு வரி. 'அந்தத் தவற்றுக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.' நல்ல கையெழுத்து. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

மேரியிடம் சொன்னேன். 1962-ஐயும் சொன்னேன். கையிலிருந்த கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு, "குடுத்துடுங்க," என்றாள். "புள்ளைங்க ஃபீஸுக்கு நான் எங்க அண்ணனாண்ட கேக்கறேன். நீங்க இப்டி கரியில சுத்தினு இருக்கறத விட அது மேலு."

ஆக, தடுக்க ஆள் இல்லை. இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

3 அக்டோபர்

நரசிம்மனுக்கு இன்று மதராஸில் மீட்டிங். பியூனிடம் கொடுத்திருக்கலாம். நேரில் கொடுப்பதுதான் முறை.

4 அக்டோபர்

அவர் வந்திருந்தார். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். லூர்துராஜ் வந்து காலில் விழுந்தான். அவன் அம்மா சூசையம்மாள் செம்பரம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, எனக்கென்று அதிரசம் கொண்டு வந்திருந்தாள். "எம்புள்ளைக்கு வெளக்கேத்தி வெச்சீங்க," என்றாள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நல்ல சாக்கு. அந்த அம்மாள் வராமல் இருந்தால் வேறு ஒன்று வந்திருக்கும்.

5 அக்டோபர்

கையெழுத்தாகிவிட்டது.

8 அக்டோபர், திங்கள்

தாண்டவராயன் கணக்கு முடித்துக்கொண்டு போனான். ஜெர்சியைத் துவைத்து, மடித்து, என் மேஜையில் வைத்திருந்தான். நம்பர் 11. நான் அறையில் இல்லாத நேரம் பார்த்து வைத்தான். அல்லது அவன் வருவது தெரிந்து நான் வெளியே போனேன். ஒரகடம் பக்கம் கல் குவாரியில் வேலை கேட்டிருக்கிறான் என்றார்கள். பந்தைப் பிடிக்கிற விரல் அங்கே எத்தனை நாள் தாங்கும்?

நாகப்பன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி 'சார்' என்கிறார்.

15 அக்டோபர், திங்கள்

மூன்றரைக்குப் பயிற்சி. தாண்டவராயன் இடத்துக்கு ஒரு புது கேஷுவலை எடுத்திருக்கிறார்கள், படப்பைக்காரன், நல்ல உயரம். இன்றுதான் முதல் நாள். நான் விசில் வைத்துக்கொண்டு ரெஃப்ரியாக நின்றேன்.

லூர்துராஜ் வளையத்துக்குக் கீழே ஒருவனை இடித்தான். வெட்டவெளிச்சமான ஃபவுல். ஊதினேன்.

புதியவன் கையைத் தூக்கினான். அவன் நின்றிருந்தது பத்தடிக்கு அப்பால்.

ஆட்டம் புரியாத ஆள் என்று நினைத்தேன். பக்கத்தில் கூப்பிட்டு, "நீ தொடவே இல்லையே, எதுக்குத் தூக்கினே?" என்று கேட்டேன்.

அவன் லூர்துராஜைப் பார்த்தான், மற்றவர்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். தப்பாகச் செய்துவிட்டோமோ என்ற பயம்.

"அண்ணனுங்கதான் சொன்னாங்க சார். லூர்து அண்ணனுக்கு விசிலு வந்தா கேஷுவல் யாரு இருக்கறாங்களோ அவங்க தூக்கணுமாம். இந்தக் கம்பெனில அது சாரோட ரூலுன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. கேலிக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை அது. உண்மையாகவே நம்பிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

பந்து என் கையில்தான் இருந்தது. அவனிடம் எறிந்து, ஆட்டத்தைத் தொடரச் சொன்னேன். அவன் பெயரைக் கேட்கவில்லை.